பின்னறைக் கூரை

பன்டாமா, குமாசி
பிப்ரவரி 14

சேர்வா அக்காவுக்கு,

என் போன் கெட்டுப் போகவில்லை. உன் எண்ணை நான்தான் அடைத்து வைத்திருக்கிறேன். போனில் பேசினால் உன் வாய்க்கு முன்னால் நான் தோற்றுப் போகிறேன். இனி எழுத்தில்தான். இதை அக்ரா பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன், நீயும் அவரிடமே கொடு.

அப்பா இறந்து ஒரு வாரச் சடங்குக்கு ஊரே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, "வீட்டை இப்படியா வெச்சிருப்ப? ஆட்டுக் கொட்டகை தேவலாம்!" என்று கத்தினாய். ஆறு வருடம் பக்கவாதத்தில் கிடந்தவரைப் புரட்டிப் போட்டுத் துடைத்தது இந்தக் கைதான். மீதி நேரத்தில் பள்ளிக்கூடச் சீருடை தைத்தது. சுவருக்கு வெள்ளையடிக்க மூன்றாவது கை எனக்கில்லை.

நீ கோபித்துக் கொண்டு போனபிறகு அப்பாவின் குலத்தலைவர் பொன்சு தேதி சொன்னார். மே 13, சனிக்கிழமை அடக்கம். அதற்குள் வீடு நாலு பெரிய மனிதர்கள் வந்து போகிற மாதிரி ஆக வேண்டுமாம். அதுவரை அப்பா ஆஸ்பத்திரி ஐஸ் பெட்டியில் இருப்பார். உயிரோடு இருந்தபோது பின்னறையில் அவர் கால்மாட்டில் ஒழுகிக்கொண்டே இருந்தது. அலுமினியப் பேசினை வைத்துச் சமாளித்தோம். அப்போது வீட்டைப் பற்றி ஒரு வாய் பேசவில்லை.

நீ அக்ராவில் பெரிய பெரிய வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்கிறவள். அதனால் முன்கூட்டியே கும்பிட்டுக் கேட்கிறேன். பின்னறைக் கூரையை மட்டும் சரி செய். முன்பக்கத்துக்கு ஒரு கை சுண்ணாம்பு போதும். வேறு எதையும் தொடாதே.

ஏன் என்று உனக்குத் தெரியும். இந்த மண் அப்பாவின் குலத்து மண். நாம் அம்மாவின் குலத்துப் பிள்ளைகள். நம் ஜனத்தில் சொத்து பெற்ற பிள்ளைக்குப் போகாது, கூடப்பிறந்தவள் மகனுக்குத்தான். அத்தை மகன் ஒடுரோ கேட்டால் கொடுத்தாக வேண்டும். அவன் இதுவரை கேட்கவில்லை. அன்றைக்குக்கூட மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டுப் போனான். அந்தக் கைக்குட்டைதான் எனக்குப் பட்டா. தையல் மெஷினும் படுக்கையும் இந்த ஒரு கூரைக்கடியில்தான் இருக்கின்றன. எனக்கு வேறு இடம் கிடையாது.

அச்சியா

*

கன்டோன்மென்ட்ஸ், அக்ரா
பிப்ரவரி 23

அச்சியா,

கத்தியது தப்பு. அன்றைக்கு உன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆறு வருடத்தில் நான்கு தடவைதான் வந்திருக்கிறேன் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவர்கள் பேசுமுன் நான் பேசிவிட நினைத்தேன் போலிருக்கிறது.

நீ என்னவோ நான் தங்க முலாம் சோபா கொண்டு வந்து இறக்கப் போகிறேன் என்று பயப்படுகிறாய். அந்தக் காலம் மலையேறிவிட்டது. பத்து வருடத்துக்கு முன் என்னிடம் வந்தவர்கள் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் தரையும், கேக் மேல் கிரீம் பிழிந்த மாதிரிக் கூரையும் கேட்டார்கள். இப்போது அதே ஆட்கள் எல்லாவற்றையும் பெயர்த்து எறியச் சொல்கிறார்கள். சுவர் செம்மண் நிறத்தில் சொரசொரப்பாக வேண்டும், தரை வெறும் சிமெண்ட், காற்றுக்கு ஓட்டைக் கல், பிரம்பு நாற்காலி. நம் வடக்கத்திக்காரர்கள் நெய்கிற கோடு போட்ட சட்டைத் துணியில் மெத்தை உறை, சுவர் நிறையக் கூடை. ஒரு வங்கிக்கு இப்போது அலுவலகம் செய்து கொண்டிருக்கிறேன். தடுப்பே கிடையாது, எல்லோருக்கும் ஒரே நீள மேஜை. மேலதிகாரிக்கும் அறை இல்லை. யாரையாவது திட்ட வேண்டுமென்றால் பாவம், கீழே கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிக் கொண்டு போகிறார்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், இப்போது ஊரே கேட்கிற வீடு நம் வீடுதான். அசல் மண் சுவர், உயரமான ஜன்னல், நடுவில் முற்றம். கொஞ்சம் கழுவித் துடைத்தால் போதும். அடக்கத்துக்கு என் வாடிக்கையாளர்கள் அக்ராவிலிருந்து வருகிறார்கள். அப்பா கிடத்தப்படும் கூடத்தில், எல்லா அடக்கத்திலும் போல லேசும் சரவிளக்கும் தொங்குவதை என்னால் பார்க்க முடியாது. அவருக்கு நான் செய்யக்கூடியது இது ஒன்றுதான், அச்சியா. எனக்குத் தெரிந்த வேலையும் இது ஒன்றுதான்.

ஒடுரோவைப் பற்றிக் கவலைப்படாதே. தெமா துறைமுகத்தில் கார் இறக்குமதி செய்கிறவன். மூன்று வீடு வைத்திருக்கிறான். மண் சுவரை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்?

என் பெயின்டர் இசாக்கா அடுத்த வாரம் வருவான்.

சேர்வா

*

பன்டாமா
ஏப்ரல் 9

அக்கா,

இசாக்கா நல்ல மனிதன். என்னை "மேடம்" என்கிறான். மெஷினைப் பின்கட்டுக்குத் தள்ளிவிட்டதால் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, தப்பான வீடு என்று திரும்பிப் போகிறார்கள். சுவருக்கு நிறம் நான்கு தடவை கலக்கிவிட்டான். நமக்கு விவரம் தெரிந்த நாளாக அந்தச் சுவர் அந்த நிறம்தான்; அதையே டப்பாவில் கலந்து அதன் மேலேயே பூசுகிறான். கேட்டால், "பெரிய மேடம் அனுப்புன போட்டோவுல இன்னும் கொஞ்சம் பழசா இருக்கு" என்கிறான்.

பக்கத்து வீட்டு அடிடே அத்தை வந்து, சுவரில் மாட்டிய பொல்கா புல் கூடைகளை எண்ணினாள். இருபத்து மூன்று. "இத்தன கூடையும் செவுத்துல ஏறிடுச்சுன்னா, தக்காளிய மடியிலயா கட்டிட்டு வருவா?" என்றாள். அப்பா போனபிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

இனிச் சிரிப்பில்லை. பின்னறைக் கூரையைப் பற்றி இசாக்காவிடம் கேட்டேன். அது உன் வரைபடத்தில் இல்லையாம். கூடம், வாசல், முற்றம், வருகிறவர்களுக்கு மூன்று புதுக் குளியலறை, அவ்வளவுதான். துக்கம் கேட்க வருகிறவர்கள் பின்னறைக்கு வர மாட்டார்கள் என்று நீ சொன்னாயாம். நேற்று மழை. பேசின் இரண்டு தடவை நிரம்பியது.

இன்னொன்று. அப்பாவின் முக்காலியை நிமிர்த்தி அதன் மேல் பூந்தொட்டி வைத்திருக்கிறான் இசாக்கா. உன் உத்தரவாம். எழுந்து போனவரின் ஆசனத்தைச் சாய்த்துக் கிடத்த வேண்டும், நிமிர்ந்திருந்தால் வேண்டாதது வந்து உட்காரும் என்பது உனக்கு மறந்துவிட்டதா? நான் தொட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சாய்ப்பதற்குள் ஒடுரோ வந்துவிட்டான்.

ஆமாம், வந்தான். கைக்குட்டை இல்லை. உள்ளே வந்தான். சுவரை விரலால் தட்டிப் பார்த்தான். "இந்த ஜன்னல் கம்பி எங்க வாங்குனது?" என்றான். பிறகு அந்த முக்காலியில் உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.

உன்னிடம் சண்டை போட இதை எழுதவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இப்போதாவது நிறுத்து.

அச்சியா

*

அக்ரா
ஏப்ரல் 17

அச்சியா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒரு மனிதன் உட்கார்ந்தான் என்பதற்கு இவ்வளவு நடுக்கமா? களைப்பாக இருந்திருக்கும்.

கூரைக்காரன் ஈஸ்டர் முடிந்தபிறகு வேறு வேலைக்குப் போய்விட்டான். அடக்கம் முடிந்த மறு வாரம் முதல் வேலை உன் பின்னறைதான். சத்தியம். முன்பக்கம் முடியாமல் பின்பக்கம் கை வைத்தால் இரண்டும் பாதியில் நிற்கும்.

நிறுத்த முடியாது, அச்சியா. ஒரு பத்திரிகை படம் எடுக்க வருகிறது. அதற்காக மட்டும் இல்லை. போன மாதம் அங்கே வந்தபோது கூடத்தில் தனியாக நின்றேன். மாலை வெயில் ஓட்டைக் கல் வழியாக அந்தச் சுவரில் விழுந்தது. அப்பா இங்கே உட்கார்ந்திருந்தால் என்று தோன்றியது. எத்தனை பேர் வீட்டை அலங்கரித்திருக்கிறேன், அவர் இருக்கிற வீட்டை ஒரு நாளும் நினைக்கவில்லை. அழுதேன். இசாக்கா பெயின்ட் வாடை என்று நினைத்து ஜன்னலைத் திறந்தான்.

முக்காலியைச் சாய்த்தே வை. படம் எடுக்கும்போது மட்டும் நிமிர்த்திக் கொள்கிறேன்.

சேர்வா

*

பன்டாமா
மே 16

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை நன்றிப் பூசை முடிந்த கையோடு, வங்கி வேலை இருக்கிறது என்று காரில் ஏறிவிட்டாய். திங்கட்கிழமைக் கூட்டத்தை நீ பார்க்கவில்லை. சொல்கிறேன்.

முதலில் எல்லோரும் உன்னைப் புகழ்ந்தார்கள். பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தச் செம்மண் சுவருக்கு முன்னால் வெள்ளைத் துணியில் அப்பா கிடந்தபோது, இவ்வளவு பெரிய மனிதரா நம் அப்பா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். குமாசியில் இப்படி ஒரு கிடத்தலை யாரும் பார்த்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

பிறகு பொன்சு தொண்டையைச் செருமினார்.

"அச்சியா, நீ நல்ல பொண்ணு. ஒங்கப்பன நல்லா பாத்துக்கிட்ட. அத யாரும் இல்லேங்கல. ஆனா வீடு குலத்து வீடு. ஒடுரோ கேக்குறான். அவந்தான் வாரிசு."

"இத்தன வருஷமா யாரும் கேக்கலியே பெரியவரே?" என்றேன்.

"இத்தன வருஷமா இது வீடாவா இருந்துச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல மனதோடுதான் சிரித்தார்கள், அக்கா. உன்னைப் பாராட்டுகிற சிரிப்பு அது.

ஒடுரோ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகப் பேசினான். "நான் தொரத்தல அச்சியா. நாப்பது நாள் எடுத்துக்க. டிசம்பர் வந்தா அமெரிக்காவுலேருந்து நம்ம ஆளுங்க வந்து எறங்குறாங்க. அவங்களுக்கு ஓட்டல் வேணாமாம், இந்த மாதிரி மண்ணு வீடுதான் வேணுமாம். நாள் வாடகைக்கு விடலாம்னு இருக்கேன். சேர்வா கை வெச்சது வீணாப் போகக் கூடாதுல்ல?"

நாற்பதாம் நாள் ஜூன் 24. என்ன செய்யப் போகிறாய்?

அச்சியா

*

அக்ரா
மே 22

அச்சியா, என் தங்கமே,

உன் கடிதம் கிடைத்ததும் வங்கி வேலையை அப்படியே போட்டுவிட்டேன்.

வக்கீலிடம் போனேன். பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு, சட்டம் இருக்கிறது என்று உற்சாகமாக ஆரம்பித்தார். மண் யாருடையது, பத்திரம் எங்கே, அப்பா உயில் எழுதினாரா என்று கேட்டுக்கொண்டே வந்தார். மண் குலத்துடையது, மற்ற இரண்டும் இல்லை என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வழக்கு நடத்தலாம், பத்து வருடம் ஆகும் என்றார். அதுவரை நீ எங்கே இருப்பாய் என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சுத்தியலோடு வந்து எல்லாவற்றையும் உடைத்துவிடலாமா என்று நினைத்தேன். கூடைகளைப் பிடுங்கி, சுவரில் கரியைப் பூசி, பழைய மாதிரியே செய்துவிட்டால் அவன் மறுபடி கைக்குட்டையை எடுப்பானா? எடுக்க மாட்டான். படங்கள் எல்லோர் போனிலும் இருக்கின்றன. நான்தான் போட்டேன்.

ஒடுரோ நேற்று எனக்குப் போன் செய்தான். மரியாதையாகப் பேசினான். "பின்பக்கமும் நீங்களே செஞ்சு குடுத்துருங்க. வேற ஆள் கை பட்டா அழகு கெட்டுடும்" என்றான். போனை வைத்துவிட்டேன்.

என்னோடு வந்து இரு. இரண்டு அறை இருக்கிறது. மெஷின் சத்தத்துக்கும் ஃபுஃபுவுக்குக் கிழங்கு இடிப்பதற்கும் கீழ்வீட்டுக்காரர்கள் விட மாட்டார்கள், அதற்கு ஏதாவது வழி பார்க்கலாம். நீ சொன்னாய், நான் கேட்கவில்லை. இதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மன்னித்துவிடு என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சேர்வா

*

அட்டொன்சு, குமாசி
ஜூன் 28

அக்கா,

23-ஆம் தேதியே கிளம்பிவிட்டேன். அவன் வந்து நிற்கிற நாள் வரை காத்திருப்பானேன்? அட்டொன்சுவில் ஒரு ஒற்றை அறை. இங்கே என் தையலை யாருக்கும் தெரியாது. பன்டாமா பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இவ்வளவு தூரம் சீருடைக்கு வர மாட்டார்கள். அக்ராவுக்கு வர மாட்டேன். மெஷினை மிதிக்க முடியாத வீட்டில் நான் யார்? உனக்கு வேலைக்காரி ஆவேன், அதுவும் நீ வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிற வேலைக்காரி.

நேற்று என் பெயர்ப் பலகையை எடுக்கப் போனேன். அப்பாவின் முக்காலி நிமிர்ந்திருந்தது, மேலே விளக்கு. விளக்கை இறக்கிவிட்டுச் சாய்த்து வைத்தேன். நான் வாசலைத் தாண்டுவதற்குள் யாரோ மறுபடி நிமிர்த்தினார்கள். திரும்பிப் பார்த்தால் இசாக்கா. கையில் பெயின்ட் குச்சி. பின்னறையிலிருந்து வந்திருக்கிறான்.

"போட்டோவுல இப்படித்தான் இருக்கு மேடம்," என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவன் தானாக அந்த வேலைக்குப் போயிருக்கிறான் என்று எழுது. ஒடுரோ அவனைத் தனியாகப் பிடித்துக்கொண்டான் என்று எழுது. நம்பிவிடுகிறேன்.

அச்சியா

*

அக்ரா
ஜூலை 5

அச்சியா,

நான்தான் அனுப்பினேன்.

ஒடுரோ மறுபடி கூப்பிட்டான். நான் இல்லையென்றால் வேறு ஒருவனை வைத்துப் பச்சைப் பெயின்ட் அடித்து, அப்பா கிடந்த அறையில் பளிங்குத் தரை போடுவதாகச் சொன்னான். என்னால் தாங்க முடியவில்லை. நீயும் இல்லாமல், வீடும் அசிங்கமாகி, இரண்டும் போக வேண்டுமா என்று தோன்றியது. இது நல்ல காரணமா என்று தெரியவில்லை. எழுதும்போது நல்ல காரணமாகத் தெரியவில்லை.

ஒரு நிபந்தனை போட்டேன். எதற்கும் முன்னால் பின்னறைக் கூரையைச் சரி செய்ய வேண்டும் என்றேன். உடனே ஆள் வந்தான். நான்கு தகடு மாற்றினான், ஒரு இடத்தில் தார் வைத்தான். காலை எட்டு மணிக்கு ஏறியவன் பத்தரைக்கு இறங்கிவிட்டான். அன்றைக்கே நல்ல மழை. நான் அந்த அறையில் நின்று பார்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை.

இரண்டரை மணி நேர வேலை, அச்சியா. இரண்டரை மணி நேரம்தான்.

என் எண்ணைத் திறந்துவிடு. உன் குரல் கேட்டால் போதும், நான் பேசவே மாட்டேன்.

சேர்வா

*

அட்டொன்சு
ஜூலை 16

அக்கா,

கூரை சரியானதில் சந்தோஷம். வருகிறவர்கள் நனையாமல் தூங்கட்டும்.

இந்த அறையும் உன் நாகரிகம்தான். தடுப்பு கிடையாது. மெஷின், அடுப்பு, படுக்கை எல்லாம் ஒரே வரிசை. ஈரம் ஏறி ஏறிச் சுவர் செம்மண் நிறத்துக்கு வந்திருக்கிறது. இசாக்கா நான்கு தடவை கலக்கியும் வராத நிறம். வந்தால் காட்டலாம். ஆனால் வராதே.

இனி ஓட்டுநரிடம் கடிதம் கொடுக்காதே. பேருந்து நிலையம் இங்கிருந்து தூரம், நான் அந்தப் பக்கம் போவதில்லை. போனைத் திறக்கவும் மனசில்லை. உன் மேல் இப்போது கோபம்கூட இல்லை. அதுதான் எனக்கே பயமாக இருக்கிறது.

அந்த வீட்டிலிருந்து மெஷினையும் துணிகளையும் தவிர, அலுமினியப் பேசினை மட்டும் எடுத்து வந்தேன். அது உன் படம் எதிலும் இல்லை, அதனால் யாரும் தேட மாட்டார்கள். நேற்றிரவு மழையில் கதவோரம் ஒழுக ஆரம்பித்தது. பேசினைக் கொண்டு போய் வைத்தேன்.

அச்சியா